வழிவிடக் கற்ற சக்கரங்கள்

நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடு, மேட்டில் ஏறி வருபவருக்காக இறங்குபவர் ஒதுங்கு, பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைத் தேய்த்து இழுக்காதே: மலைச் சைக்கிள்காரர்கள் பாலபாடமாகக் கற்கும் இந்த விதிகள் நல்லெண்ணத்தில் முளைத்தவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்த விளையாட்டு உருவான கலிஃபோர்னியாவின் மரின் பகுதி வரலாற்றைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடங்கள் கைவிட்டுப் போய்விடும் என்ற பயமே அவற்றை எழுத வைத்தது. அவற்றைக் கடைப்பிடிக்கத் தேவையான கருவியும் கைத்திறனும் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்ததால்தான் அந்த எழுத்துக்குப் பலன் இருந்தது.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டப்பட்ட செங்குத்தான மண்சாலையில் சார்லி கெல்லியும் நண்பர்களும் ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். அவர்களிடம் இருந்தவை 1930களிலும் 40களிலும் செய்த, தடித்த டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்கள். அவற்றில் பலவற்றுக்குப் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். அதைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். சாலைக்கே ரீபேக், அதாவது மீண்டும் அடைத்தல், என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இந்த மாதிரி சைக்கிளில் வளைவைக் கடக்க ஒரே வழி பின்சக்கரத்தைப் பூட்டி, பக்கவாட்டில் சறுக்கவிட்டு, காலை ஊன்றித் திருப்புவதுதான். மண்ணைக் கிளறுவது அன்று குற்றமல்ல, வித்தை. அந்தப் பந்தயக்காரர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் அந்தச் சாலையை 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியது இன்றும் பேசப்படுகிறது.

1977இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதுச் சட்டகம் செய்தார். 1979இல் டாம் ரிச்சி செய்த சட்டகங்களை ஃபிஷரும் கெல்லியும் விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையிலிருந்து கடைகளுக்கு வந்தது. இந்த வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் கை பிரேக் இருந்தது. உடல் எடையைப் பின்னே தள்ளி, லிவரை விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் கட்டத்துக்குச் சற்று முன்பே பிடியைத் தளர்த்துவதே புதிய திறமையானது. சறுக்குபவர் பிரேக் பிடிக்கத் தெரியாதவர் என்றானார். அதே வேளையில் ஆயிரக்கணக்கானோர் மலையேற, எதிர்ப்பும் ஏறியது. 1984இல் அமெரிக்க வனத்துறை தன் பாதுகாக்கப்பட்ட வனாந்தரங்களில் சைக்கிளைத் தடைசெய்தது. மரின் பகுதியின் டாமல்பாய்ஸ் மலையில் ஒற்றையடிப் பாதைகள் மூடப்பட்டன. அகன்ற சாலைகளிலும் மணிக்கு 15 மைல்தான், குருட்டு வளைவில் 5 மைல்தான். காவலர்கள் ராடார் கருவியோடு நின்றார்கள். கலிஃபோர்னியாவின் சில சைக்கிள் கிளப்புகள் ஒன்றுகூடி 1988இல் ஒரு சங்கம் அமைத்தது இந்த நெருக்கடியில்தான். அது பின்னர் சர்வதேச அமைப்பாக வளர்ந்தது.

வழிவிடுதல் மலைப்பாதைகளில் ஏற்கெனவே இருந்த வழக்கம், இவர்கள் அதைத் தொடர்ந்தார்கள், அவ்வளவே என்று ஒருவர் மறுக்கலாம். குதிரைக்கு ஒதுங்கும் வழக்கம் பழையதுதான். ஆனால் அந்தச் சங்கம் பரப்பிய விதிகளில் முதலாவது, திறந்துவிடப்பட்ட தடங்களில் மட்டுமே ஓட்டு என்பது. பழைய மரியாதையில் இதற்கு இடமில்லை. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்கள் கொடுக்கும் வாக்குறுதி இது. மண் அரிப்புதான் உண்மையான பிரச்சினை, மரியாதை அதன் தீர்வு என்ற வாதமும் உண்டு. மொன்டானாவில் வில்சன், செனி என்ற ஆய்வாளர்கள் அளந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், குதிரைக் குளம்பும் மனிதக் காலும் ஈரத் தடத்தில் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. எனவே சண்டையின் மையம் மண் மட்டுமாக இருக்க முடியாது. திடீரென்று சத்தமில்லாமல் பின்னால் வந்துவிடும் வேகம்தான் நடப்பவரையும் குதிரையையும் மிரட்டியது. விதிகளின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது: தொலைவிலேயே குரல் கொடு, சைக்கிளை விட்டிறங்கு, சரிவின் கீழ்ப்புறம் நில், குதிரைக்காரர் கைகாட்டிய பிறகே நகரு.

பயத்தில் பிறந்த மரியாதை போலியானது என்பது கடினமான ஆட்சேபம். போலி என்றால் ஆதாயம் கிடைக்காத இடத்தில் அது கைவிடப்பட்டிருக்கும். மரினில் ஆதாயம் அதிகம் கிடைக்கவில்லை. கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் பல தடங்கள் மூடப்பட்டதை எதிர்த்து சைக்கிள்காரர்கள் தொடுத்த வழக்கில் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூங்கா நிர்வாகத்தின் பக்கமே நின்றது. இருந்தும் கிளப்புகள் விதிகளைத் தூக்கி எறியவில்லை. புதியவர்களுக்கு பிரேக் பிடிக்கச் சொல்லித்தரும் அதே வகுப்பில் வழிவிடவும் சொல்லித்தருகிறார்கள். சக்கரம் பூட்டாமல் நிற்கத் தெரியாதவரால் குதிரையின் முன்னே அமைதியாக நிற்கவும் முடியாது.