தேய்ந்ததா, தேய்த்தார்களா?



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், தேய்வையும் நலிவையும் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். மங்கலமில்லாத பொருளாயிற்றே என்று சிலர் நினைக்கக்கூடும். திருகோணமலையில் பிறந்து, துறைமுகத்தைப் பார்த்தபடியே முதுமை எய்திய எனக்கு இச்சொற்கள் அயலாரல்ல, கூடப் பிறந்தவை.

நிலவு தேயும். உடல் மெலியும். பயிர் வாடும். குடி நலியும். கயிறு இற்றுப்போகும். குளம் தூர்ந்துபோகும். மரம் உக்கும். இரும்பு கறள் கட்டும். ஒன்றின் இடத்திலே மற்றொன்றை வைத்துப் பாருங்கள், பொருந்தாது. நிலவு உக்கியது என்று எவரும் சொல்வதில்லை. ஏனெனில் தேய்ந்த பிறை மீண்டும் வளரும்; உக்கிய மரம் மீளாது. எது மீளும், எது மீளாது என்ற கணக்கை நம் முன்னோர் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

தொல்காப்பியர் உரியியலிலே ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்ற நான்கு சொற்களை ஓரிடத்தில் சேர்த்துப் பொருள் கூறுகிறார். முன்பு உள்ளதாகிய ஒன்று நுணுகிப்போவதை இவை குறிக்கும் என்பது அவர் கருத்து. 'உள்ளது' என்பதைக் கவனியுங்கள். இல்லாத பொருள் தேய முடியாது. ஆகவே ஒன்று தேய்ந்துவிட்டது என்று சொல்லும்போதே, அது ஒருகாலத்தில் நிறைவாக இருந்தது என்று சாட்சி சொல்லிவிடுகிறோம்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். அழிந்தது என்பது தன்வினை; அழித்தான் என்பது பிறவினை. சிதைந்தது, சிதைத்தான். தேய்ந்தது, தேய்த்தான். ஓர் எழுத்து வலிக்கும்போது ஓர் ஆள் வந்து நிற்கிறான். துன்பப்பட்டவர் கண்ணீர் ஆள்பவனின் செல்வத்தை அரித்துவிடும் என்று சொல்லவந்த வள்ளுவர், 'தேயும்' என்று விட்டுவிடவில்லை. தேய்ப்பது அந்தக் கண்ணீரே என்று சுட்டிக் காட்டினார். வரலாறு எழுதுவோர் இந்த ஓரெழுத்தில்தான் தவறுகிறார்கள்.

எங்கள் கோணேசர் ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. 'காலப்போக்கில் சிதைந்துபோன பழங்கோயில்' என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். காலம் அதைச் சிதைக்கவில்லை. 1620களில் போர்த்துக்கேயர் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா காலத்தில் அதனை இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பின்னர் அது ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போய், பிரெடரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. கோட்டை வாயிலிலே இணைக் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இன்றும் உண்டு. திருப்பணி செய்த குளக்கோட்டனையும், அதைக் குலைக்கும் பறங்கியையும் பற்றியது அது. எழுத்துகள் பல மழுங்கிவிட்டன. அவை மழுங்கியது தன்வினை. கோயில் இடிபட்டது பிறவினை. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது நியாயமாகாது.

1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் இருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுக்கு மேல் புதைந்து கிடந்தும் அவை உக்கவில்லை. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அது தேய்பிறைக்குப் பின் வந்த வளர்பிறை.

இன்னொரு நிகழ்ச்சி என் வீட்டோடு தொடர்புடையது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமை. அப்போது நான் சிறுவன். தளத்திலே தொழில் செய்த பல குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. "வேலை தேய்ஞ்சு போச்சு" என்று அப்பா ஒருநாள் சொன்னார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "தேயேல்லை, நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்றார். எழுத்தறிவு குறைந்த என் தாய்தான் எனக்குத் தன்வினை, பிறவினையை முதலில் கற்பித்தவர். பின்னர் ஓர் அலுவலகப் படிவத்தில் எங்களை 'நலிவுற்ற குடும்பம்' என்று எழுதினார்கள். யாரால் நலிவுற்றது என்பதற்கு அப்படிவத்தில் இடம் இருக்கவில்லை.

தன்வினையாலேயே சொல்லவேண்டியவையும் உண்டு. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களைச் சீனக்குடாப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு குதம் எரிந்தது. அது பிறவினை. எஞ்சிய 99 குதங்களில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் கிடந்து கறள் கட்டின. அவற்றை எவரும் அடிக்கவில்லை, எவரும் கவனிக்கவுமில்லை. கறள் தானே கட்டும் என்பது உண்மை. ஆனால் கறளைச் சுரண்டிப் பூச்சுப் பூசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமற் போனதை எந்த வினையால் சொல்வது? 2022 ஜனவரியில் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று அவற்றைப் பங்கிட்டார்கள். கறளைச் சுரண்டும் கைகள் எவருடையவை என்பதை இனிக் காலம் சொல்லட்டும்.

அதே 1942 தாக்குதலில் 'சகாயிங்' என்ற கப்பலும் சேதமுற்றது. மறு ஆண்டு அதனைத் துறைமுகத்திலே அமிழ்த்தினார்கள். 75 ஆண்டு நீருக்கடியில் கிடந்த அதை 2018இல் இலங்கைக் கடற்படையினர் மிதக்கச் செய்து மேலே கொணர்ந்தனர். கறளேறிய அந்த உடல் வெளிவந்த செய்தியைக் கேட்டபோது என் தாயாரின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு குளம், ஒரு கைத்தொழில் குறைந்துபோயிருக்கும். அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு கணம் நின்று யோசியுங்கள். தூர்ந்ததா, தூர்த்தார்களா? நலிந்ததா, நலித்தார்களா? சரியான சொல்லைத் தேர்ந்து சொல்வதால் இழந்தது திரும்பாது. ஆனால் இழப்புக்கு உரியவர் யார் என்பதாவது தேயாமல் இருக்கும்.