விலக்கு எனும் சலுகை: அரசுப் பள்ளியில் சமயமும் குழந்தையின் நிலையும்

அரசுப் பள்ளியில் சமயத்துக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு, பள்ளியை நடத்தும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் உறுப்பு விடை தருகிறது. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் நிறுவனத்தில் சமய போதனை கூடாது. அரசே நிருவகித்தாலும், சமய போதனையைக் கட்டாயமாக்கிய அறக்கட்டளை ஒன்றால் நிறுவப்பட்டதாயின் அந்தத் தடை அதற்கில்லை. அரசின் ஏற்போ உதவித்தொகையோ பெறும் பள்ளியில் போதனையும் வழிபாடும் நடக்கலாம். ஆனால் மாணவரோ, அவர் சிறுவராயின் அவருடைய காப்பாளரோ இசைவு தராமல் யாரையும் அவற்றில் பங்கேற்கச் சொல்லக் கூடாது.

இம்மூன்றில் முதலாவதே குழந்தையை உண்மையாகக் காப்பது என்பது என் வாதம். மூன்றாவது நடைமுறையில் திரிந்துவிட்டது. இசைவு தந்தவர்தான் பங்கேற்க வேண்டும் என்கிறது சட்டம். பள்ளிகளிலோ எல்லாரும் பங்கேற்பது வழக்கமாகி, வேண்டாதவர் வந்து விலக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கும் பொறுப்பு பள்ளியிடமிருந்து வீட்டுக்கு மாறிவிட்டது. அதன் சுமையைச் சுமப்பது பெற்றோர்கூட அல்லர், குழந்தை.

இந்தப் பூசல் சென்னைக்குப் புதிதன்று. 1846இல் ஆளுநர் ட்வீடேல் பிரபு அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்க முனைந்தபோது, காஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றோர் முன்னின்று நகர மக்கள் பெருங்கூட்டம் கூடி எதிர்த்தனர். மறு ஆண்டு இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அத்திட்டத்தை மறுத்தார்கள். 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை, அரசு நிறுவனங்கள் எல்லா மக்களுக்கும் உரியவை ஆகையால் அவற்றில் கல்வி சமயச் சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று உறுதி செய்தது. அந்நிய ஆட்சியின் அச்சமும் இதில் கலந்திருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் உரிய இடத்தில் ஒருவருடைய மறையைப் போதிக்கக் கூடாது என்ற நியாயம் அன்றே பதிவாகிவிட்டது.

1948 டிசம்பர் 7 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்த நியாயத்தை மேலும் கூர்மையாக்கினார். எந்த ஒரு சமயத்தின் வளர்ச்சிக்கும் வரி கேட்கக் கூடாது என்று மற்றோர் உறுப்பில் விதித்துவிட்டு, வரிப்பணத்தில் சமய போதனை நடத்துவது முரண் என்றார். இத்தனை சமயங்களும் உட்பிரிவுகளும் உள்ள நாட்டில் ஒவ்வொன்றுக்கும் வகுப்பு நடத்துவதும் இயலாது. தன் வழியே வீடுபேற்றுக்குரிய ஒரே வழி என்று சொல்லும் சமயங்களின் பூசலை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் நிறுவனத்தின் அமைதி குலையும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அதே விவாதத்தில், ஒரு கோட்பாட்டை நம்பு என்று கற்பிப்பது வேறு, அதை ஆராய்ந்து படிப்பது வேறு என்றும் பிரித்துக் காட்டினார். பின்னாளில் எழுந்த வழக்குகளில் பாதி இந்தப் பிரிவினை மறக்கப்பட்டதால் வந்தவை என்றே நான் கருதுகிறேன்.

விலக்கு ஏன் போதாது? நார்வேயின் அனுபவத்தை இங்கே விரிவாகப் பார்ப்பது தகும். 1997இல் அந்நாடு கிறித்தவம், பிற சமயங்கள், மெய்யியல் ஆகியவற்றை ஒரே பாடமாக்கியது. அதில் கிறித்தவத்துக்கே முதன்மை. ஜெபம், பாடல் போன்ற செயல்களில் விருப்பமில்லாத குழந்தைக்குப் பகுதி விலக்கு உண்டு. ஆனால் பல நேரங்களில் அக்குழந்தை அதே வகுப்பில் அமர்ந்து பார்வையாளராக இருக்க வேண்டும். விலக்குக் கேட்கும் பெற்றோர் எது தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று பாடத்திட்டத்தைத் துருவி அறிந்து, பள்ளிக்கு விளக்க வேண்டும். மனிதநேயச் சங்கத்தைச் சேர்ந்த பெற்றோர் தொடுத்த ஃபோல்கெரோ வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2007 ஜூன் 29 அன்று நார்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒன்பதுக்கு எட்டு என்ற நெருக்கமான தீர்ப்பு அது. பெற்றோர் தம் அந்தரங்க நம்பிக்கையை அதிகாரிகளிடம் வெளிப்படுத்த நேர்வதையும், விலக்கு முறையே தரும் தொல்லையையும் பெரும்பான்மை நீதிபதிகள் கணக்கில் கொண்டார்கள். நிதியும் நிருவாகமும் செம்மையாக உள்ள ஒரு சிறு நாட்டிலேயே விலக்கு இவ்வளவு இடர்ப்பட்டது. ஓர் ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் நம் ஊர்ப் பள்ளியில், தனியே நிற்கும் பிள்ளைக்கு யார் துணை நிற்பார்?

கேரளத்தில் 1985 ஜூலையில் நடந்தது இதற்குச் சான்று. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள், நாட்டுப்பண் இசைக்கப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள். நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமானது. அத்தீர்ப்பை நான் மிக மதிக்கிறேன். ஆனால் வாய் திறக்காமல் நிற்கும் உரிமைக்காக மூன்று பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் நீதிமன்றங்களின் வாயிலில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே பிரச்சினை நாட்டுப்பண். இறைவணக்கமாக இருந்தால் ஒதுங்கும் குழந்தைமேல் விழும் பார்வை இன்னும் கூர்மையாக இருக்கும்.

இங்குதான் 28ஆம் உறுப்பில் ஓர் இடைவெளி தெரிகிறது. மூன்றாம் கூறு போதனை, வழிபாடு இரண்டையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. முழு அரசுப் பள்ளிக்கான முதற்கூறோ போதனையை மட்டுமே குறிக்கிறது. ஆகவே காலை இறைவணக்கக் கூட்டம் தடைக்குள் வருமா என்ற ஐயம் தீரவில்லை. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளின் சமஸ்கிருத வழிபாட்டு வரிகளை எதிர்த்த வழக்கில், அவை பொது உண்மையைச் சொல்பவை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அவ்வழக்கைப் பேரமர்வின் முடிவுக்கு விடுத்தது. பொது உண்மை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. உண்மை பொதுவானதாக இருக்கலாம். கைகூப்பிக் கண்மூடி அதைச் சொல்லச் செய்வது வழிபாடு. மறைநூலில் இருக்கும் வரியைத் தமிழ் வகுப்பிலோ வரலாற்று வகுப்பிலோ படிக்கலாம், பொருள் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். இறைவணக்கக் கூட்டத்தில் மறுப்புக்கு இடமில்லை. தமிழ்நாடு 1970இல் மனோன்மணீயப் பாயிரத்திலிருந்து தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்து அரசு நிகழ்ச்சிகளின் வாழ்த்துப் பாடலாக்கியது, எந்த ஒரு சமயத்தின் தெய்வத்தையும் முன்னிறுத்தாமல் தொடங்கும் ஒரு வழியைக் காட்டியது.

சமயத்தை வெளியே நிறுத்தினால் ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இராதாகிருஷ்ணன் ஆணையம், 1959இல் அமைந்த ஸ்ரீபிரகாசா குழு, கோத்தாரி ஆணையம் எனக் கல்வி குறித்து அரசு அமைத்த ஒவ்வொன்றும் இந்தக் கவலையோடுதான் எழுதின. சமயம் தெரியாத பிள்ளைக்குத் தஞ்சைப் பெரிய கோவிலும் நாகூர் தர்காவும் வெறுங் கட்டடங்களாகிவிடும் என்பது உண்மையே. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமயங்களைப் பற்றிய படிப்பை 28ஆம் உறுப்பு தடுக்கவில்லை என்றது. கோட்பாட்டளவில் அது அம்பேத்கரின் கருத்தோடு ஒத்தது. என் தயக்கம் வேறிடத்தில். யார் கற்பிப்பது, எந்த நூலை வைத்து, எந்தப் பயிற்சியோடு? பயிற்சியில்லாத ஆசிரியர் கையில் படிப்பு ஒரு வாரத்தில் போதனையாகிவிடும். நீதிபோதனை வகுப்பு என்று கால அட்டவணையில் எழுதிவிட்டுக் கணக்குப் பாடம் நடத்திய பள்ளிகள் நமக்குத் தெரியும்.

ஆயினும் ஒரு நல்ல முன்மாதிரி நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்ப் பாடநூல்களில் தேவாரம், மணிமேகலை, சீறாப்புராணம், தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் ஆகியவற்றின் பகுதிகள் தலைமுறைகளாக வந்துள்ளன. உமறுப்புலவரைப் படிக்கும்போது சைவப் பிள்ளை வெளியேறுவதில்லை. அப்பரைப் படிக்கும்போது முஸ்லிம் பிள்ளைக்கு யாரும் விலக்குக் கடிதம் எழுதுவதில்லை. நம்பும்படி யாரும் கேட்பதில்லை என்பதே காரணம். குறை என்னவென்றால், பாடநூல்கள் வருணனையையும் அணிநயத்தையும் எடுத்துக்கொண்டு, சமயங்கள் தமக்குள் வாதிட்ட பகுதிகளைத் தவிர்க்கின்றன. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையை மேல்நிலை வகுப்பில் வைக்கலாம். மணிமேகலை பௌத்தச் சார்புடைய காப்பியம். ஆகவே அதனோடு பௌத்தத்தை மறுக்கும் சமண நூலான நீலகேசியிலிருந்தும் ஒரு பகுதியைச் சேர்க்க வேண்டும். இரு தரப்பையும் மாணவர் தம் சொற்களில் எழுதித் தரட்டும். எந்தத் தரப்பை ஏற்கிறாய் என்ற கேள்வி வினாத்தாளில் வரக் கூடாது.