‘ஏம்’ என்ற சின்னச் சொல்

‘ஐ ஏம் இந்தியன்.’ உட்லண்ட்ஸ் புள்ளைங்க யோசிக்காமல் சொல்லும் பதில் இது. அதே பிள்ளை வீட்டில் ‘நான் தமிழ்’ என்கும். தமிழில் ஆளையும் பெயரையும் ஒட்ட நடுவில் ஒரு சொல் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘ஏம்’ வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால் வரும் பெயரை எப்போதும் நாம் தேர்ந்ததில்லை.

ஒருகாலத்தில் இங்கே தென்னிந்தியர்களுக்கு ‘கிளிங்’ என்று பெயர். கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். போகப்போக அது வசையாகிவிட்டது. இந்தியர்கள் எதிர்த்தார்கள். 1920களின் தொடக்கத்தில் கிளிங் தெரு சூலியா தெருவானது. பெயரை மறுக்கவும் முடியும் என்று காட்டிய தெரு அது.

‘இந்தியன்’ வசை இல்லைதான். ஆனால் அதற்கும் எடை உண்டு. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தபின், வீவக வீட்டை யாருக்கு விற்கலாம் என்பதில் அந்தச் சொல்லுக்கும் பங்குண்டு. தமிழர், மலையாளி, பஞ்சாபி எல்லாரும் ‘இந்தியர், பிறர்’ என்ற ஒரே கட்டத்துக்குள். 2011 முதல் பிள்ளையின் இனத்தை இரண்டு சொற்களாகப் பதியலாம். வீட்டுக் கணக்கில் முதல் சொல்தான் செல்லும்.

வாயில் லேசா வர்ற பதில்தான். வீட்டை விற்கப் போறப்பதான் அதோட கனம் தெரியும்.