சிறு கொக்குகளும் குருகுகளும்: கள அடையாளம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியை அடுத்துள்ள நசரத்பேட்டை தொடங்கி மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி வரை, நீர் தேங்கும் இடங்களில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு சேற்று நிறத்தில் நிற்கும் சிறு கொக்கு பெரும்பாலும் மடையான்தான். ஆனால் அதே பழுப்பும் அதே கழுத்துக் கோடுகளும் கொண்ட உறவினங்கள் பல உண்டு. மஞ்சள் குருகு, செங்குருகு, கருங்குருகு, தோசிக்கொக்கு, வக்காவின் இளம்பறவை ஆகிய எல்லாமே சென்னை வட்டார நீர்நிலைகளில் காணக்கிடைப்பவை. நிற்கும் பறவையைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. சிறகு விரியும்வரை காத்திருக்க வேண்டும்.

மடையான் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ளது, குருட்டுக்கொக்கு என்றும் அழைப்பர். 1832-இல் இயற்கையியலாளர் சைக்ஸ் இதை விவரித்து, விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரேயின் பெயரை இட்டார். மண்ணோடு மண்ணாக நின்ற பறவை எழும்பியதும் சிறகும் வாலும் தூய வெள்ளையாகப் பளிச்சிடும். இந்த வெள்ளையைக் கண்டால் மேலே சொன்ன மற்ற ஐந்தையும் விலக்கிவிடலாம். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகவும், தலையும் கழுத்தும் வெளிர்மஞ்சளாகவும் மாறுவதால் அப்போது குழப்பமில்லை. சீன மடையானுக்கும் வெண்சிறகு உண்டு. அது இந்தியாவில் பெரிதும் வடகிழக்கிலும் அந்தமானிலும் காணப்படுவது. இனப்பெருக்கக் கோலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. மற்றக் காலங்களில் இரண்டையும் களத்தில் பிரிப்பது ஏறக்குறைய இயலாது.

குருகுகள் திறந்த கரையை விரும்புவதில்லை. சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தில் ஒளிந்து, விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடுகின்றன. ஆபத்தை உணர்ந்தால் அலகை வானோக்கி நீட்டி அசையாமல் நிற்கும். கழுத்தின் கோடுகள் அப்போது கோரைத்தாள்களோடு கலந்துவிடும். கலைந்தால் தாழப் பறந்து, சற்றுத் தொலைவிலேயே மீண்டும் சம்புக்குள் விழுந்துவிடும். பார்வையாளருக்குக் கிடைப்பது அந்தச் சில நொடிகளே. வெளிர்மஞ்சள் மேற்சிறகுக்குப் பின்னால் கரிய பறப்பிறகுகள் தெரிந்தால் அது மஞ்சள் குருகு. ஏறத்தாழ 38 செ.மீ. நீளமுள்ள இது மடையானைவிட மெலிந்தது. மேற்பகுதியும் சிறகும் ஒரே சீராகச் செங்கல் நிறமாக இருந்து, எங்கும் கறுப்போ வெள்ளையோ இல்லையெனில் செங்குருகு. நெல்வயல்களிலும் இதைக் காணலாம். செங்குருகின் பெட்டை மங்கலான நிறமுடையது, அடிப்பகுதியில் கோடுகள் மிகுந்தது. இரண்டின் இளம்பறவைகளும் கோடும் புள்ளியுமாக ஏமாற்றும். அங்கும் பறப்பிறகின் நிறமே தீர்ப்பு. கருங்குருகு இவற்றைவிடப் பெரியது. கரிய உடலும், கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும் மஞ்சள் பட்டையும் போதிய அடையாளம்.

தோசிக்கொக்கு நீரின் மேல் தாழ்ந்த கிளையிலோ கல்லிலோ தனித்துக் குந்தியிருக்கும். சாம்பலும் பச்சையும் கலந்த உடல், கரிய உச்சி, குட்டையான மஞ்சள் கால்கள். இதன் இளம்பறவையும் பழுப்புக் கோடு கொண்டதே. பறக்கையில் சிறகு முழுதும் கருமையாக இருப்பதால் மடையானாகாது. வக்காவின் இளம்பறவையோ உருவில் பெரியது. சிறகில் பெரிய வெண்புள்ளிகளும் தடித்த அலகும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வேறுபாடுகளைக் குறித்துவைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. மடையான் மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. ஊர் நடுவிலுள்ள மரமும் அதற்குப் போதும். மஞ்சள் குருகும் செங்குருகும் நீரை ஒட்டிய அடர்ந்த சம்பிலும் கோரையிலும் தாழ்வாகக் கூடு வைப்பவை. ஒரு ஏரியைத் தூர்வாருகையில் கரையோரச் சம்பை முழுவதுமாக வழித்தெடுத்தால், மடையான் அங்கேயே நின்றுகொண்டிருக்கும், குருகுகள் போய்விடும். எல்லாவற்றையும் ‘சிறு கொக்கு’ என்று எண்ணும் கணக்கெடுப்பில் இந்த இழப்பு பதிவே ஆகாது. ஆகவே பார்ப்பவர்கள் இனத்தைப் பிரித்து எழுத வேண்டும். சிறகைப் பார்க்க முடியாதபோது ‘இனம் தெரியவில்லை’ என்றே குறிக்க வேண்டும். ஏரியைச் சீரமைப்பவர்கள் கரையின் ஒரு பகுதிச் சம்பையாவது வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும்.