கார்டிசோன்: ஓர் அதிசய மருந்தின் வரலாறு



சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் பள்ளியின் பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார் என்னிடம் தனியே பேச வந்தார். அவருடைய மகன் நான்காம் ஆண்டு மாணவன், ஆஸ்துமா உள்ளவன். மருத்துவர் அன்றாடம் பயன்படுத்தச் சொன்ன இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, அதனை நிறுத்திவிட்டதாகக் கூறினார். "அது உடம்பைக் கெடுத்துவிடுமாமே, டீச்சர்?" என்று கேட்டார். ஒற்றைச் சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அதே மருந்தினத்தால் என் தாயார் பட்ட பாட்டை நான் நேரில் கண்டவள். எனவே, அம்மருந்து பிறந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி கவிழ்த்ததுபோல் இரு சிறு சுரப்பிகள் அமர்ந்துள்ளன. அவையே அட்ரினல் சுரப்பிகள். இவை பழுதடைந்தால் மனிதன் மெலிந்து, சோர்ந்து, தோல் கறுத்து இறக்க நேரிடும் என்பதை இலண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் எழுதி வைத்தார். உயிரைத் தாங்கும் ஏதோ ஒன்று அச்சுரப்பிகளில் இருக்கிறது என்பது அதனால் புலனாயிற்று. அது இன்னதென்று தெரிய மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

1929ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ மருத்துவமனையில், ஃபிலிப் ஹெஞ்ச் என்னும் மூட்டுநோய் மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். அவரும் ஒரு மருத்துவரே. முடக்குவாதத்தால் துன்புற்ற அவர், தமக்கு மஞ்சள்காமாலை கண்டதும் மூட்டுவலி தணிந்துவிட்டதாகவும், காமாலை நீங்கிய பிறகும் பல மாதங்கள் வலி திரும்பவில்லை என்றும் கூறினார். வேறொருவராயின் தற்செயல் என்று ஒதுக்கியிருப்பார். ஹெஞ்ச் ஒதுக்கவில்லை. பிற நோயாளிகளையும் கவனித்தார். கருவுற்ற பெண்களிடமும் முடக்குவாதம் தணிவதைக் கண்டார். காமாலையும் கருவும் உடலில் பொதுவாகத் தோற்றுவிக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று கருதி, அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். நோயாளிகளுக்குச் செயற்கையாகக் காமாலையை உண்டாக்கிக்கூடப் பார்த்தார். பொருள் மட்டும் பிடிபடவில்லை.

அதே மேயோவில் எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலறிஞர் இருந்தார். தைராய்டு சுரப்பியின் இயக்குநீரை 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று படிகமாகப் பிரித்தெடுத்த பெருமைக்குரியவர் அவர். 1930களில் கால்நடைகளின் அட்ரினல் சுரப்பிகளைப் பிழிந்து, அவற்றிலிருந்து பல சேர்மங்களைப் பிரித்து, 'ஏ', 'பி' என ஆங்கில எழுத்துகளால் குறியிட்டார். சுவிட்சர்லாந்தில் ததேயஸ் ரைக்ஸ்டைன் என்பவரும் தனித்து இதே பணியைச் செய்துகொண்டிருந்தார். ஹெஞ்சும் கெண்டலும் 1941இல் கலந்து பேசியபோது, 'ஈ' சேர்மத்தை முடக்குவாதத்திற்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் உருவாயிற்று. ஹெஞ்ச் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஆனால், சோதிக்கும் அளவுக்கு மருந்து கையில் இல்லை.

போர்க்காலம் வந்தது. செருமானிய விமானிகளுக்கு அட்ரினல் சாறு கொடுத்து மிக உயரத்தில் பறக்கச் செய்கிறார்கள் என்றொரு வதந்தி பரவிற்று. அதனால் அமெரிக்க அரசு இவ்வாய்வுக்கு ஊக்கமளித்தது. மெர்க் நிறுவனத்தின் இளம் வேதியியலர் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தநீர் அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு, 36 வேதிப்படிகளைக் கடந்து 1944இல் 'ஈ' சேர்மத்தை உருவாக்கிக் காட்டினார். வதந்தி பொய்யானது, ஆயினும் அதனால் விளைந்த மருந்து மெய்யாயிற்று.

1948 செப்டம்பர் 21. படுக்கையைவிட்டு எழவே துன்புற்ற 29 வயதுப் பெண் ஒருவருக்கு அம்மருந்து முதன்முதலில் ஊசியாகச் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவுக்குச் சென்று வந்தார். 1949 ஏப்ரலில் ஹெஞ்ச் குழுவினர் 14 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். முன்பு முடங்கிக் கிடந்தவர்கள் இப்போது நடப்பதைத் திரைப்படமாகவும் காட்டினர். வைட்டமின் 'ஈ'யுடன் குழப்பம் நேராதிருக்க, சேர்மத்திற்குக் 'கார்டிசோன்' என்று பெயர் சூட்டினர். மறு ஆண்டே, 1950இல், ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் பாடநூல்களாயின் இவ்விடத்தில் கதையை முடித்துவிடும். உண்மையான கதை இங்கேதான் தொடங்குகிறது.

மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பிற்று. தொடர்ந்து கொடுத்தாலோ முகம் நிலவுபோல் உருண்டது, எலும்புகள் நலிந்தன, சர்க்கரை ஏறியது, சிலருக்கு மனமே தடுமாறிற்று. முதல் நோயாளியும் இத்துன்பங்களுக்குத் தப்பவில்லை. கார்டிசோன் நோயின் வேரை அறுப்பதில்லை. உடலின் அழற்சியை அடக்குகிறது, அவ்வளவே. தீயை அணைக்காமல், தீ சுடாத உடையை நோயாளிக்கு அணிவிக்கிறது என்னும் பொருளில் ஹெஞ்சே இதனை விளக்கினார். தம் கண்டுபிடிப்பின் எல்லையை உணர்ந்து உரைத்த அந்த நேர்மையை நான் நோபல் பரிசினும் உயர்வாக மதிக்கிறேன்.

இனி, என் தாயாரின் கதை. முழங்கால் வலியால் நெடுநாள் துன்புற்ற அவர், ஓர் இரவுச் சந்தையில் பெயர்ச்சீட்டு ஏதுமில்லாத மாத்திரைகளை வாங்கி வந்தார். "வெறும் மூலிகைதான்" என்றாராம் விற்றவர். மூன்றே நாளில் அம்மா படியேறினார். வீடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். சில மாதங்களில் அவர் முகம் உருண்டபோது, "அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது" என்று சொன்னவளும் நான்தான். மாத்திரை தீர்ந்து, விற்றவரும் வராமற்போன ஒரு வாரத்தில், அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தார்.

மருத்துவமனையில் விளக்கினார்கள்: மூலிகை என்று விற்கப்பட்டதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வெளியிலிருந்து இம்மருந்து நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலுக்கு ஆணையிடுவதை நிறுத்திவிடும். வேலையற்ற அட்ரினல் சுருங்கி உறங்கிப்போகும். மருந்தைத் திடீரென நிறுத்தினால், உறங்கிய சுரப்பி உடனே விழிக்காது. அடிசன் 1855இல் விவரித்த அதே சோர்வு அப்போது உயிரையே பறிக்கக்கூடும். அம்மாவுக்கு அளவறிந்த மருந்து கொடுத்து, பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்துத் தேற்றினார்கள்.

அப்படியானால் இது நஞ்சா? அன்று. 2020 ஜூன் மாதம், கோவிட் பெருந்தொற்றின் நடுவே, பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வு ஒரு முடிவை அறிவித்தது. கார்டிசோனின் வழிவந்த, 1950களிலேயே உருவான, மிக மலிவான டெக்சாமெத்தசோன், செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால், பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் எந்த நன்மையும் காணப்படவில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இன்ஹேலரின் கதையும் இதுவே. பெக்லோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு 1972இல் இன்ஹேலராக வந்தது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் கொடுத்ததை மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குச் செலுத்த முடிந்ததால், உடல் முழுதும் பரவும் கேடு பெரிதும் குறைந்தது. மூச்சுக்குழாயின் அழற்சியை அன்றாடம் அடக்கி வைப்பது அதுவே. மூச்சு முட்டும்போது மட்டும் அடிக்கும் நீலநிற இன்ஹேலர் அதற்கு ஈடாகாது.

இவற்றையெல்லாம் அந்தத் தாயாரிடம் சொன்னேன். "நான் மருத்துவர் அல்லேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், அஞ்சுவதை அப்படியே மருத்துவரிடம் கேளுங்கள்" என்றேன். மறுவாரம் மருத்துவரைக் கண்டு வந்ததாகச் சொன்னார். பையன் மீண்டும் மருந்தெடுக்கிறான். எடுத்தபின் வாயைக் கொப்பளிக்கவும் கற்றிருக்கிறான்.

அறியாத அச்சத்தால் ஒரு தாய் தேவையான மருந்தை நிறுத்தினார். அறியாத நம்பிக்கையால் என் தாய் தேவையற்றதை விழுங்கினார். இரண்டுக்கும் காரணம், கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமையே. மருந்து வாங்கும்போது சுகாதார அமைச்சின் 'மால்' பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றே நாளில் அதிசயம் நிகழ்த்தும் பெயரற்ற மாத்திரையைக் கண்டால் மகிழாதீர்கள், ஐயுறுங்கள். அன்று நான் ஐயுறவில்லை.