நீரிழிவு மாத்திரைகளும் நோன்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ரமளான் நெருங்கும்போது, நீரிழிவுள்ள பெரியவர்கள் வாழும் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. 'காலை மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைத்தால் சர்க்கரை இறங்காதல்லவா?' ஒரு நாளைய மாத்திரையின் வேலை அந்த நாளோடு முடிந்துவிடும் என்ற எண்ணமே இக்கேள்விக்கு அடிப்படை. இம்மாத்திரைகளின் வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது.

அவ்வரலாறு நீரிழிவில் தொடங்கவில்லை. டைஃபாய்டு காய்ச்சலில் தொடங்கியது. 1942இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர், சல்ஃபா வகையைச் சேர்ந்த ஒரு புதிய மருந்தை டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு வலிப்பும் மயக்கமும் கண்டன, சிலர் உயிரிழந்தனர். அவர்களது இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. அதே நகரைச் சேர்ந்த ஓகுஸ்த் லுபாத்தியேர் நாய்களிடம் இதனை ஆராய்ந்தார். கணையம் அகற்றப்பட்ட நாயிடம் அம்மருந்து பலிக்கவில்லை. ஆகவே, அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்பது புலனாயிற்று. உயிர்களைப் பறித்த பக்கவிளைவே பின்னர் சிகிச்சையாக மாறியது. 1950களின் நடுவில் ஜெர்மனியில் கார்புடமைடும், அதனைத் தொடர்ந்து டால்புடமைடும் வழக்குக்கு வந்தன.

டால்புடமைடு விரைவில் வெளியேறிவிடும். எனவே நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை உண்ண வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் வந்த குளோர்புரோபமைடு அச்சிரமத்தை நீக்கியது. நாளுக்கு ஒரு மாத்திரை போதும். அந்த வசதியிலேயே ஆபத்தும் இருந்தது.

உடலில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். குளோர்புரோபமைடுக்கு அது ஏறத்தாழ 36 மணி நேரம். 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை உண்டவரின் உடலில், மறுநாள் அதே நேரத்தில் சுமார் 157 மில்லிகிராம் மீந்திருக்கும். அதன் மேல் அன்றைய மாத்திரை சேரும்போது 407 ஆகிறது. மூன்றாம் நாள் 500ஐத் தாண்டுகிறது. ஒரு வாரத்தில் 650ஐ எட்டுகிறது. உட்செல்வதும் வெளியேறுவதும் சமமாகும் வரை இவ்வேற்றம் தொடரும். பொதுவாக நான்கைந்து அரைவாழ்வுக் காலங்களில் அச்சமநிலை வந்துவிடும்.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். அம்மருந்தை வழக்கமாக உண்டுவந்த ஒருவர் ஒரு காலை மாத்திரையை விட்டுவிட்டு நோன்பைத் தொடங்கினால், அந்நேரத்தில் அவர் உடலில் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். அதாவது ஒரு முழு மாத்திரையை விடவும் அதிகம்! சிறுநீரகம் தளர்ந்த முதியவரிடம் இன்னும் கூடுதலாகவே தேங்கும். குளுக்கோஸ் ஏற்றியதும் கண்விழித்த நோயாளி மீண்டும் மயங்குவது இதனால்தான். அத்தகையோரை நாட்கணக்கில் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டியிருந்தது.

எல்லா மாத்திரைகளும் இவ்வாறல்ல. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் அறிமுகப்படுத்திய மெட்ஃபார்மின் கணையத்தைத் தூண்டுவதில்லை. கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் குறைக்கிறது. தனியே உண்ணும்போது சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவது அரிது. இரத்தத்தில் அதன் அரைவாழ்வு சுமார் 6 மணி நேரமே. ஆயினும் அது மாற்றமின்றிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுற்றால் அதுவும் தேங்கும். அதன் இனத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகி உயிரிழப்புகள் நேர்ந்தமையால் 1977இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அந்தப் பழி மெட்ஃபார்மின் மீதும் படிந்தது. 1994இல்தான் அந்நாடு அதனை ஏற்றது.

1960களின் இறுதியில் வந்த கிளிபென்கிளமைடு நம் நாட்டில் இன்றும் புழங்குகிறது. அதன் அரைவாழ்வு குளோர்புரோபமைடை விடக் குறைவுதான். ஆனால் அது சிதைந்து உருவாகும் பொருட்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. அவை வெளியேறுவதும் ஓரளவு சிறுநீரகத்தைச் சார்ந்துள்ளது. இரத்தத்தில் மருந்தின் அளவை மட்டும் பார்த்து அதன் வீரியம் தீர்ந்ததென்று கருதிவிட முடியாது. நோன்பாளிக்கு கிளிகிளசைடு போன்றவற்றை மருத்துவர்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இவ்வபாயம் ஏட்டளவினதன்று. 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவாளர்களிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு, மாதம் 100 பேருக்கு 0.4 என்பதிலிருந்து ரமளானில் 3ஆக உயர்ந்தது. மறு ஆண்டு அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல், ரமளானில் குளோர்புரோபமைடை அறவே தவிர்க்கச் சொன்னது.

நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகை அல்பகரா அத்தியாயத்தில் தெளிவாகவே உள்ளது. அதற்குரியவர் யார் என்று அறிய மருத்துவரின் கணிப்பும் தேவை. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணுமாறு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பிறை தெரிந்த இரவில் மாற்றும் மாத்திரைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பழைய மருந்து வடிந்து, புதியது சமநிலையை எட்டி, அதன் விளைவை அளந்து பார்க்கச் சில வாரங்கள் வேண்டும்.