தூண்டில் இரையும் மீனின் நினைவும்

அம்பாறைக் கரையோரத்தில், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய ஊர்களுக்கு உட்புறமாக, வயல்வெளிகளைக் கடந்து சென்றால் சாகாமக் குளத்தை அடையலாம். இத்தகைய குளங்களின் கட்டுகளில் மாலை வேளைகளில் தூண்டிலோடு அமர்ந்திருப்போரைக் காண்பது அரிதன்று. ஒருவர் மண்புழுவைக் கோத்திருப்பார். மற்றொருவர் பாணைப் பிசைந்து உருட்டியிருப்பார். இன்னொருவர் கோதுமை மாவிற் சிறிது மஞ்சளைச் சேர்த்திருப்பார். எந்த நிறத்தை மீன் நாடும், எந்த மணம் அதனை இழுக்கும் என்பதே அவர்கள் பேச்சாக இருக்கும்.

இக்கேள்வி எளியதுபோலத் தோன்றினும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கால வரலாறு உடையது. அவ்வரலாற்றின் நடுவே, மனிதன் மீனைத் தானே வளர்த்து நீரில் விடத் தொடங்கிய நாளில், கேள்வியின் பொருளே மாறிவிட்டது. அம்மாற்றத்தை நன்கு விளக்குவது ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனின் கதையாகும். அம்மீன் சாகாமத்து நீரில் வாழாது. இந்நாட்டில் நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளே அதற்கு உகந்தவை. ஆயினும் அதன் கதை நம் குளங்களுக்கும் ஒரு பாடத்தைத் தருவதாகும்.

முதலிற் பண்டைக் காலத்தை நோக்குவோம். உரோமாபுரிப் பேரரசின் காலத்தில், கிறித்துவுக்குப்பின் 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் ஆசிரியர், மக்கதோனிய நாட்டு ஆறொன்றில் மீன்பிடிப்போரைப்பற்றி எழுதியுள்ளார். அவ்வாற்றின் புள்ளிமீன்கள் நீரின்மேற் பறக்கும் ஒருவகை ஈயை விரும்பி உண்டன. ஆனால் அந்த ஈயைக் கையாற் பிடித்தவுடனே அதன் நிறம் கெட்டது, சிறகு வாடியது. நிறம் கெட்ட ஈயை மீன் தீண்டவில்லை. ஆதலின், மீன்பிடிப்போர் தூண்டில் முள்ளிற் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்தருகேயுள்ள இறகுகள் இரண்டைக் கட்டி, செயற்கை ஈயைச் செய்தனர். இரையின் நிறத்தைப்பற்றி மனிதன் எழுதிவைத்த பழைய குறிப்புகளுள் இது ஒன்று. இங்கே மீன் இயற்கையின் பிள்ளை. இரையோ இயற்கையைப் பார்த்துச் செய்த போலி.

நம் பக்கத்து நாட்டிலும் இக்கலை ஓங்கியிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், அரசரின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகத் தூண்டில் வேட்டையும் கூறப்பட்டுள்ளது. இந்திய மீனியலறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் அப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார். நீரில் உள்ள மீன்களுக்கு முதலில் உணவிட்டு அவற்றைக் கொழுக்கச் செய்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. மீனினத்துக்கு ஏற்ப உணவும் வேறுபட்டது. சிலவற்றுக்கு எள்ளும் மாவும் சோறும் கலந்த உருண்டைகள், சிலவற்றுக்கு ஊன் உருண்டைகள். ஊட்டிப் பழக்கிய மீனைப் பழகிய உணவைக் கொண்டே பிடிக்கலாம் என்னும் உண்மையை அரண்மனைக் குளத்தருகே இருந்தோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இனி ட்ரவுட் மீனின் பயணத்தைக் காண்போம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சென்ற இடமெங்கும் தம் நாட்டு ஓடைமீனையும் கொண்டுசெல்ல விரும்பினர். உயிருள்ள மீன் நெடுங்கடலைத் தாண்டாது. ஆகையால் முட்டைகளை அனுப்ப முயன்றனர். வெப்பமண்டலக் கடலைக் கடக்கையில் முட்டைகள் பலமுறை அழிந்தன. 1864இல், ஜேம்ஸ் யூல் என்பவரின் முயற்சியால், பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கிடையே வைத்த முட்டைகள் நோர்போக் என்னும் கப்பலில் அவுஸ்திரேலியாவை அடைந்து, தாஸ்மானியத் தீவிற் குஞ்சு பொரித்தன. அந்த வெற்றியே பிற நாடுகளுக்கும் வழிகாட்டியது.

நீலகிரியில் பிரான்சிஸ் டே என்னும் படை மருத்துவர் 1863இலேயே முயன்று தோல்வியுற்றார். இலங்கையில் 1880களில் நுவரெலியா நீர்நிலைகளுக்குப் பழுப்பு ட்ரவுட் கொண்டுவரப்பட்டது. அது எளிதில் நிலைகொள்ளவில்லை. பின்னர் வந்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட். அதுவே ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இனம்பெருக்கி நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் என்பவர் நீலகிரியின் அவலாஞ்சியிற் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். அங்கே சேர்ந்த முட்டைகளுள் இலங்கையிலிருந்து சென்றவையும் இருந்தன.

நேயர்களே, குஞ்சு பொரிப்பகம் என்னும் இவ்விடத்திலேதான் தூண்டிற்காரனின் கேள்வி மாறுகிறது. ஓடையிற் பிறந்த மீன் ஈயையும் புழுவையும் துரத்தி உண்டு வளர்கிறது. பொரிப்பகத்துத் தொட்டியில் வளர்ந்த மீனோ மனிதன் கையிலிருந்து விழுவதை உண்டு வளர்கிறது. முற்காலத்தில் அதற்கு நறுக்கிய ஈரலும் இறைச்சியும் இட்டனர். 1950கள் தொடங்கி மீன்தூள் முதலியவற்றாற் செய்த சிறு உலருருண்டைகள் படிப்படியாக அவ்விடத்தைப் பிடித்தன. கரையிற் காலடியோசை கேட்டதும் தொட்டி மீன்கள் மேலே திரண்டு வருவதைப் பொரிப்பகங்களைப் பார்த்தோர் அறிவர். அத்தகைய மீனை ஓடையில் விட்டவுடன் அது ஈயைத் தேடும் என்று எதிர்பார்த்தல் கூடுமோ? நீரில் மெல்ல இறங்கும் சிறு உருண்டையே அதற்கு உணவாகத் தோன்றும்.

மீன் நிறத்தை அறியுமா என்பதே நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செருமனியின் புகழ்பெற்ற கண் மருத்துவ அறிஞர் கார்ல் வொன் ஹெஸ், மீன்களுக்கு நிறவுணர்வு இல்லை என்று வாதிட்டார். கார்ல் வொன் பிரிஷ் என்னும் இளைஞர் அதனை மறுத்தார். அவர் சிறு ஆற்றுமீன்களுக்கு ஒரு நிறத்தோடு சேர்த்துத் தீனியிட்டுப் பழக்கினார். பின்பு பல்வேறு சாம்பற் சாயல்களுக்கிடையே அந்நிறத்தை வைத்துப் பார்த்தார். மீன்கள் பிழையின்றி அந்நிறத்தையே நாடின. இச்சோதனை இரண்டு உண்மைகளைக் காட்டிற்று. ஒன்று, மீன் நிறத்தைக் காண்கிறது. மற்றொன்று, தீனியோடு வந்த நிறத்தை அது நினைவிற் கொள்கிறது. தூண்டிற்காரனுக்கு இரண்டாவதே மிகப் பயனுள்ளது. வொன் பிரிஷ் பிற்காலத்தில், 1973இல், நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார்.

நிறம் நீரைப் பொறுத்தும் மாறும். தெளிந்த நீரிற் சிவப்பொளி முதலில் மறைந்துவிடும்; ஆழத்திற் செந்நிற இரை கருநிறமாகவே தோன்றும். மண்ணும் சருகுச்சாறும் கலந்த நீரிலோ நீலமும் ஊதாவும் விரைவில் மங்க, செம்மஞ்சளும் சிவப்பும் சற்றுத் தூரம் செல்லும். ஆதலின் தெளிந்த ஓடையில் மங்கிய பழுப்பு நிறமும், கலங்கிய நீரில் மஞ்சள், செம்மஞ்சள் போன்ற பளிச்சிடும் நிறங்களும் ஏற்றவை என அனுபவமுடையோர் கொள்வது காரணமின்றியன்று. புதிதாக விட்ட ட்ரவுட் மீனுக்குத் தீனியுருண்டையின் பழுப்பும் பழகியதே.

அடுத்து மணத்தைப்பற்றிச் சிறிது கூறுவேன். மீனின் நாசித் துளைகள் சுவாசத்துக்கு அல்ல. நீரிற் கரைந்தவற்றை முகர்ந்தறிவதற்கே. 1938இல் அதே வொன் பிரிஷ், காயமுற்ற சிறுமீனின் தோலிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் கூட்டத்திலுள்ள பிற மீன்களை அச்சுறுத்துகிறது என்று வெளியிட்டார். 1956இல் கனடிய ஆய்வாளர், மனிதன் முதலிய பாலூட்டிகளின் தோலில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலம், ஆற்றில் ஏறிச்செல்லும் சால்மன் மீன்களைத் தயங்கச் செய்கிறது என்று கண்டனர். சால்மனும் ட்ரவுட்டும் ஒரே குடும்பத்தின. இரையைத் தொடுமுன் கையை நீரில் நன்கு கழுவிக்கொள்ளும் பழைய தூண்டிற்காரரின் வழக்கத்துக்கு இங்கே ஒரு பொருள் கிடைத்தது. அமினோ அமிலங்களுள் வேறு சில மீனைக் கவர்ந்து உண்ணத் தூண்டுவன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வறிவையெல்லாம் திரட்டி, 1980களின் இறுதியில் அமெரிக்காவிற் பசைமா இரைகள் விற்பனைக்கு வந்தன. மீன்தூள், பாலாடைக்கட்டி, பூண்டு முதலியவற்றின் மணமும், மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு முதலிய நிறமும் கொண்ட மாவுருண்டைகள் அவை. நம் மூக்குக்கு எட்டும் மணம் வேறு, மீனுக்கு எட்டுவது வேறு என்பதை இங்கே மறத்தலாகாது. நீரிற் கரைவதே மீனை அடையும். குளிர்ந்த நீரில் எண்ணெய் எளிதிற் பரவாது. சாளுக்கிய மன்னன் கூறிய எள்ளுருண்டைக்கும் இப்பசைமாவுக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயினும் கருத்து ஒன்றே: ஊட்டியதைக் கொண்டே பிடித்தல்.

ஆகவே, வளர்த்துவிட்ட மீனுக்கு எந்த நிறம், எந்த மணம் என்று கேட்போருக்கு வரலாறு தரும் விடை யாது? அம்மீன் எங்கே, எதை உண்டு வளர்ந்தது என்று முதலிற் கேள் என்பதே. விட்ட சில நாட்களுக்குள் தீனியின் நிறமும் மணமும் வெல்லும். வாரங்கள் செல்லச் செல்ல மீன் ஓடையின் உணவைப் பழகும். அப்போது புழுவும் ஈயும் வெல்லும்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பழகிய மணத்தைக் கண்டு ஓடிவரும் மீன் எளிதிற் பிடிபடும். எளிதிற் பிடிபடுவது எளிதில் தீர்ந்தும் போகும். அதனாலேயே ட்ரவுட் ஓடைகள் பலவற்றிற் செயற்கை ஈ மட்டுமே பயன்படுத்தலாம், குறித்த அளவுக்குச் சிறிய மீனைத் திரும்ப விடவேண்டும், நாளொன்றுக்கு இத்தனைதான் என்னும் விதிகள் ஏற்பட்டன. இரையைத் தேர்வது ஆற்றல். இரைக்கு எல்லை வகுப்பது அறம்.

இப்போது சாகாமக் குளத்துக்குத் திரும்புவோம். நம் வெப்பக் குளங்களுக்கு ட்ரவுட் செய்யாத பணியை ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா செய்தது. 1952இல் அது இலங்கைக்கு வந்தது. கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலவில் எழுந்த சேனநாயக்க சமுத்திரம் உட்படப் பல நீர்த்தேக்கங்களில் அது பரவி, கடலுக்குத் தொலைவிலுள்ள ஏழை வீட்டின் கறியாயிற்று. பின்னர் ரோகு, கட்லா முதலிய இந்தியக் கெண்டைகளின் குஞ்சுகளும் விடப்பட்டன. திலாப்பியா குளத்திலேயே இனம்பெருக்கும். இக்கெண்டைகளோ தேங்கிய நீரில் எளிதில் இனம்பெருக்குவதில்லை. மனிதன் விட்டாலே அவை உண்டு. 1990இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. 1994இல் அது மீண்டும் தொடங்கும்வரை, குஞ்சு விடும் கை இல்லாத குளம் எத்தகையது என்பதை மக்கள் கண்டனர். இங்கினியாகல போன்ற பொரிப்பகங்களின் அருமை அதனால் விளங்கும்.

தொட்டியிலிருந்து வந்த கெண்டைக் குஞ்சு தவிட்டையும் மாவையும் உண்டு பழகியது. விட்ட மறுநாளே ஒரு சிறுவன் தவிட்டுருண்டையை எறிந்தால், விரலளவு மீன்கள் பல கணத்திற் கவ்வும். அவனுக்கு அது வெற்றி. குளத்துக்கோ அது வரும் ஆண்டின் விளைச்சல். அந்த விரலளவு மீனை வளரவிட்டால் அது ஒரு குடும்பத்தின் கறிச்சட்டியை நிரப்பும். சிறுவனைக் கடிவதிற் பயனில்லை. ஊட்டி வளர்த்தவனின் கையை நம்பியே அந்த மீன் வருகிறது என்பதை மூத்தோர் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குஞ்சு விட்ட பின் சில மாதங்கள் தவிட்டுருண்டையை ஒதுக்கிவைத்து, மண்புழுவுக்கு வரும் விராலையும் கெழுத்தியையும் நாடுக என்று காட்டிக் கொடுத்தலும் நன்று.

நேயர்களே, நிறமும் மணமும் மீனின் நினைவைத் தொடும் கருவிகள். அந்நினைவு நாம் ஊட்டியதால் உண்டானது. மாலையிற் குளக்கட்டில் அமர்ந்து மாவைப் பிசையும் கை, அதே மாவை இட்டு மீனை வளர்த்த மற்றொரு கையையும் நினைக்குமாயின், சாகாமத்துக் குளம் அடுத்த தலைமுறைக்கும் மீன் தரும்.